உயிர் எப்படி வந்தது? படைப்பு, கூர்ப்பு பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நகரத்துச் சைவப் பிள்ளைகள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், புதிய சபைகளுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். சாதாரண தரம் வரைக்கும் ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைக் கட்டாய பாடமாகப் படித்துவிட்டு வருகிறவர்கள். உயர்தரத்தில் கூர்ப்பு (பரிணாமம் என்றும் சொல்வார்கள்) தொடங்கியவுடன் கேள்விகளும் தொடங்கிவிடும். வகுப்பில் கொஞ்சம், வகுப்பு முடிந்து வாசலில் கொஞ்சம், பெற்றோரிடமிருந்து தொலைபேசியில் மிச்சம். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், இந்தச் சண்டை உண்மையில் எதைப் பற்றியது?

இரண்டு வேறு விஷயங்களைப் பற்றியது. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது ஒன்று. தோன்றிய உயிர் எப்படி இத்தனை வகையாகப் பிரிந்தது என்பது மற்றது. டார்வின் பதில் சொன்னது இரண்டாவது கேள்விக்கு. அந்தப் பதில் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகச் சோதிக்கப்பட்டு நிலைத்து நிற்கிறது. முதல் கேள்விக்கு விஞ்ஞானம் நல்ல தடயங்களை வைத்திருக்கிறது, முழுப் பதில் இன்னும் இல்லை.

சண்டை பிடிக்கிறவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். "முதல் உயிர் எப்படி வந்தது என்று தெரியாதாமே, அப்ப கூர்ப்பும் பொய்தான்" என்பார் ஒருவர். "கூர்ப்பு நிரூபணமாகிவிட்டது, ஆகவே உயிர் வந்த கதையும் முடிந்துவிட்டது" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் பிழை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் வாசிக்க நேரமில்லை என்றாலும் இந்தப் பிரிப்பை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு அப்பால், இதெல்லாம் ஏன் இருக்கிறது, யாருடைய சித்தம் என்று கேட்பது மூன்றாவது கேள்வி. அதை அளக்க ஆய்வுகூடத்தில் கருவி கிடையாது. அது கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி. நானும் அங்கேதான் போய்க் கேட்கிறேன்.

சரி, கூர்ப்பு என்றால் என்ன? பாடப்புத்தகம் இல்லாமல் சொல்லுங்கள்.

ஒரே இனத்துக்குள் எல்லா உயிரும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகின்றன. சில வேறுபாடுகள் உள்ளவை மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தப்பிப் பிழைத்துக் குட்டி போடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் அந்த இனத்தின் தோற்றமே மாறிவிடும். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். டார்வினும் வாலசும் தனித்தனியே இதைக் கண்டார்கள். 1858இல் இருவரின் கட்டுரைகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வினின் நூல் 1859 நவம்பரில் வந்தது.

அந்த நூலின் முதல் அதிகாரத்தில் டார்வின் விரிவாகப் பேசுவது புறாக்களைப் பற்றி. அவரே புறா வளர்த்தார், லண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தார். விசிறி வால் புறா, நெஞ்சை ஊதும் புறா என்று மனிதன் வளர்த்தெடுத்த அத்தனை வகையும் காட்டு மாடப்புறா ஒன்றிலிருந்தே வந்தவை என்று காட்டினார். நிலாவெளிக்கு எதிரே கடலில் தெரியும் புறாத்தீவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதே மாடப்புறாதான். படகில் போகிறவர்கள் பவளப்பாறையைப் பார்க்கக் குனிகிறார்கள். கொஞ்சம் நிமிர்ந்து பாறை இடுக்குகளையும் பாருங்கள்.

இதைவிட நெருக்கமான உதாரணம் நம் வீட்டுக்குள்ளேயே பறந்தது. 1940களில் இலங்கையில் மலேரியா நுளம்புக்கு டி.டி.டி. அடிக்கத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69 காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. மறுபடி டி.டி.டி.யை எடுத்தால் பழைய பலன் இல்லை. அந்த மருந்து எந்த நுளம்புக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆரம்பத்திலேயே ஒருசில நுளம்புகளின் உடலில் அதைத் தாங்கும் தன்மை பிறப்பால் இருந்தது. மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறு நுளம்பு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. அம்மம்மா அப்பப்பாவைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுச் சுவரில் மருந்தடித்த நாட்கள் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சுவரில் நடந்தது இயற்கைத் தேர்வு.

நுளம்பு கடைசிவரை நுளம்பாகத்தானே இருந்தது? வேறொரு பிராணியாக மாறவில்லையே?

நல்ல கேள்வி. இதற்கு நான் எப்போதும் திமிங்கிலத்தைத்தான் கூப்பிடுவேன்.

கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நம் துறைமுகத்துக்கு வெளியே நீலத் திமிங்கிலம் வருகிறது. கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆழமாக இறங்குவதால் கொஞ்சத் தூரம் படகில் போனாலே பார்க்கலாம். பார்க்கக் கிடைத்தால் வாலைக் கவனியுங்கள். சுறாவும் சூரையும் வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்தும். திமிங்கிலம் மேலும் கீழுமாக அடித்து நீந்தும். நாலு கால் பாய்ச்சலில் ஓடும் மிருகத்தின் முதுகு எப்படி வளைந்து நிமிருமோ, அதே அசைவு. மூச்சுவிட மேலே வரும், குட்டி ஈன்று பால் கொடுக்கும். துடுப்புக்குள்ளே மேற்கைக்கு ஓர் எலும்பு, முன்கைக்கு இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது. பின்னால் சதைக்குள் புதைந்தபடி இடுப்பெலும்பின் மிச்சம். கால் இல்லாத பிராணிக்கு அது எதற்கு?

பதில் பாகிஸ்தானிலும் காஷ்மீரிலும் பாறைக்குள் இருந்தது. சுமார் ஐந்து கோடி வருடங்களுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல். பாக்கிசீற்றஸ் என்று பெயரிட்ட பிராணி நாலு காலில் நடந்தது, ஆனால் அதன் காதெலும்பு திமிங்கிலத்தினுடையது. அம்புலோசீற்றஸ் கரையிலும் நீரிலும் வாழ்ந்தது. பின்னால் வந்த பசிலோசோரஸ் முழுக்கக் கடலில் வாழ்ந்தது, உடலோடு ஒட்டிய சின்னஞ்சிறு பின்னங்கால்களுடன். காஷ்மீரில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்த பாறைகளை உடைத்துப் பார்த்தபோது, சருகுமான் அளவான இந்தோஹையஸ் வெளிப்பட்டது. 2007இல் அதைத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று அறிவித்தார்கள்.

2001இல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மான், மாடு, ஆடு, பன்றி போன்ற இரட்டைக் குளம்பு மிருகங்களின் கணுக்காலில் இருபக்கமும் கப்பி வடிவில் அமைந்த ஓர் எலும்பு உண்டு. வேறெந்த மிருகத்துக்கும் அது கிடையாது. பாகிஸ்தானில் கிடைத்த பழைய திமிங்கிலங்களின் காலில் அதே எலும்பு இருந்தது. டீ.என்.ஏ. ஒப்பிட்டவர்களும் அதற்கு முன்பே, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று சொல்லியிருந்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நம்மைப் பார்த்து ஓடாமல் நிற்கும் புள்ளிமான்களும், மேலே சுவாமி மலையிலிருந்து தெரிகிற கடலில் போகும் திமிங்கிலமும் ஒரே வம்சம். கற்பனைக் கதை எழுதுகிறவருக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

உங்கள் சித்தப்பாவின் பிள்ளைகளும் நீங்களும் ஒரே அப்பப்பாவின் வழி. நீங்கள் இருப்பதால் அவர்கள் இல்லாமல் போகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைய குரங்கு எதுவும் நம் மூதாதை அல்ல. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ அறுபது, எழுபது லட்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்தது. கோயில் வாசலில் தேங்காயைப் பறிக்கும் குரங்கோடு உள்ள சொந்தம் அதைவிடப் பலமடங்கு பழையது.

ஆதாரம் கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஆடும் நாயும் விற்றமின் சியைத் தம் உடலிலேயே செய்துகொள்ளும். நமக்கு முடியாது. அதைச் செய்யும் பரம்பரையலகு (ஜீன்) நம்மிடம் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. பாய்க்கப்பல் காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்த மாலுமிகள் முரசு வீங்கி, பல் கழன்று செத்ததற்குக் காரணம் அதுதான். தேசிக்காய்ச் சாறு குடித்தவர்கள் தப்பினார்கள். அந்தப் பரம்பரையலகு நம்மில் மட்டும் உடைந்திருந்தால் தனி விபத்து என்று விட்டுவிடலாம். சிம்பன்சியிலும் நம்மூர் மந்தியிலும் அதே அலகு பழுது. தனித்தனியே உண்டாக்கப்பட்டிருந்தால் எல்லாருக்கும் ஒரே பழுதை வைப்பானேன்? பொது முன்னோரில் உடைந்தது வழிவழியாக வந்தது என்பதே நேரான விளக்கம்.

மற்றது நிறமூர்த்தம், அதாவது பரம்பரையலகுகளைச் சுமக்கும் டீ.என்.ஏ. இழை. நமக்கு 23 சோடி, சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானுக்கு 24 சோடி. ஒரு சோடி எங்கே போனது? நம் இரண்டாம் நிறமூர்த்தத்தின் நடுவில், நுனியில் மட்டுமே இருக்கவேண்டிய டீ.என்.ஏ. தொடர் கிடக்கிறது. இரண்டு நிறமூர்த்தங்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு அது.

பூமிக்கே ஆறாயிரம் வருடம்தான் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். கோடிக்கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆறாயிரம் என்ற கணக்கு 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் போட்டது. விவிலியத்தில் வரும் வம்ச வரிசைகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004இல் என்றார். அவர் காலத்தில் அது படிப்பாளி செய்த நேர்மையான வேலை. பாறையைக் கேட்கும் வழி அப்போது யாருக்கும் தெரியாது.

இப்போது தெரியும். அந்தப் பாறை நம் மாவட்டத்திலேயே தூளாகக் கிடக்கிறது. நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே புல்மோட்டைக்குப் போனால் கடற்கரையில் கறுப்பு மணல். இல்மனைற், ரூற்றைல் என்று ஏற்றுமதி செய்கிறார்களே, அதற்குள் சிர்கோன் என்ற கனிமமும் இருக்கிறது. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பினால் கறுப்புக்கிடையே நிறமற்ற சின்னப் பருக்கைகளும் மின்னும். அவற்றில் சில சிர்கோன்.

உருகிய பாறை ஆறும்போது சிர்கோன் படிகமாகிறது. அப்போது அது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே எடுக்கும், ஈயத்தை எடுக்காது. யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறுகிறது. ஆகவே படிகத்துக்குள் பின்னால் காணப்படும் ஈயம், அது உருவாகி எவ்வளவு காலம் என்று சொல்லிவிடும். அதிலும் யுரேனியம் இரண்டு வகை. ஒன்றில் பாதி மாற 447 கோடி வருடம், மற்றதில் பாதி மாற சுமார் 70 கோடி வருடம். வேகம் வேறான இரண்டு கடிகாரம் ஒரே படிகத்துக்குள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டும்போது, கடிகாரம் பிழை என்று சொல்ல இடமில்லை. இலங்கையில் கிடைத்த சிர்கோன் கற்கள் சிலவற்றை உலகின் ஆய்வுகூடங்கள் தம் கருவிகளைச் சரிபார்க்கவே வைத்திருக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 56 கோடி வருடம். அவுஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த மிகப் பழைய சிர்கோனுக்கு 440 கோடி. விண்கல்லின் ஈயத்தை அளந்து கிளேர் பற்றர்சன் 1956இல் பூமிக்குச் சொன்ன வயது சுமார் 455 கோடி. இன்றுவரை அது அசையவில்லை.

காபன் முறையில் வயது பார்ப்பது பிழை என்கிறார்களே?

கோடி வருடப் பாறைக்கு யாரும் காபனைப் பயன்படுத்துவதில்லை. காபன்-14 பாதியாகக் குறைய 5,730 வருடம், ஆகவே ஐம்பதாயிரம் வருடத்துக்கு மேல் அது உதவாது. அந்த எல்லைக்குள் நன்றாக வேலை செய்கிறது. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் குகையில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் சுமார் 45,000 வருடப் பழையவை. ஆறாயிரத்துக்குள் அவை அடங்கா.

அப்போ முதல் உயிர்? அதற்கு என்ன பதில்?

இங்கேதான் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1871இல் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், அமோனியாவும் பொஸ்பேற்றும் ஒளியும் வெப்பமும் மின்சாரமும் கூடிய ஒரு சின்ன வெதுவெதுப்பான குட்டையில் அது நடந்திருக்கலாமோ என்று ஊகித்தார். 1920களில் ரஷ்யாவின் ஒபாரினும் பிரித்தானியாவின் ஹோல்டேனும் தனித்தனியே அதை இரசாயனக் கருதுகோளாக வளர்த்தார்கள். 1952இல் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், தன் பேராசிரியர் யூறியின் ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் நீராவி, மெதேன், அமோனியா, ஐதரசன் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறியது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன, புரதத்தின் செங்கற்கள். ஆதி வளிமண்டலம் அவர் வைத்த கலவையாக இருந்திருக்காது என்று பிற்காலத்தில் சொன்னார்கள். அது நியாயமான விமர்சனம். ஆனால் உயிரின் மூலப்பொருள் உயிர் இல்லாமலே உண்டாகலாம் என்பதை அந்தக் குடுவை காட்டிவிட்டது.

இந்த வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரிய இடம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாதது எனக்குக் கவலை. சிறில் பொன்னம்பெரும, 1923இல் காலியில் பிறந்தவர். சென்னையில் தத்துவம் படித்து, லண்டனில் இரசாயனம் படித்து, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லை அவரது குழு ஆராய்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன, இடக்கை வடிவும் வலக்கை வடிவும் கலந்து. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவையே பயன்படுத்துகின்றன. ஆகவே அவை பூமியில் ஒட்டிய அழுக்கு அல்ல, வானத்திலிருந்தே வந்தவை. பிறகு கண்டியில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கு அவர் பணிப்பாளராக வந்தார். 2023இல் பெனு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணிலும் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. பொன்னம்பெரும போட்ட பாதை இன்னும் நீள்கிறது.

இவற்றுக்குப் பிறகும் பெரிய இடைவெளி இருக்கிறது. அமினோ அமிலத்திலிருந்து, தன்னைத்தானே நகலெடுக்கும் ஒரு கலம் வரை யாரும் ஆய்வுகூடத்தில் வழி நடந்து காட்டவில்லை. டீ.என்.ஏ.க்கு உறவான ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு முதலில் வந்ததா, ஆழ்கடல் வெந்நீர் வாய்களில் நடந்ததா, தரையில் நனைந்து காய்ந்து நனையும் வெந்நீர்க் குட்டையில் நடந்ததா என்று விஞ்ஞானிகளே வாதாடுகிறார்கள்.

அப்படியென்றால் கன்னியா வெந்நீரூற்றில் இப்போது புதிய உயிர் தோன்றுமா?

இதைக் கேட்ட பிள்ளையை நான் மனதாரப் பாராட்டினேன். தோன்றாது, காரணத்தை டார்வினே அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்: இன்று அப்படி ஒரு பொருள் உண்டானால் ஏற்கெனவே இருக்கும் உயிர்கள் உடனே அதைத் தின்றுவிடும். ஏழு கிணறுகளிலும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் அந்தியேட்டிக்குப் போய் முழுகும் நீர் அது. ஆதிப் பூமியில் தின்ன ஆளும் இல்லை, கெடுக்க ஒட்சிசனும் இல்லை.

கண் போன்ற உறுப்பு தற்செயலாக எப்படி வரும்?

தற்செயலாக வராது. பிறப்பில் வரும் மாற்றம் தற்செயல், எது நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல. ஒளியை மட்டும் உணரும் புள்ளி, குழிந்த புள்ளி, ஊசித்துளைக் கண், வில்லை வைத்த கண் என்று ஒவ்வொரு படியும் இன்றும் ஏதோ ஓர் உயிரில் பயனோடு இருக்கிறது. கணவாயின் உறவான, ஓட்டுக்குள் வாழும் நோட்டிலசுக்கு வில்லையே இல்லாத ஊசித்துளைக் கண்.

வீட்டில் கணவாய் வெட்டும்போது கண்ணைத் தனியே எடுத்துக் கீறிப் பாருங்கள், தெளிந்த உருண்டை வில்லை ஒன்று கழன்று வரும். அந்தக் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்குப் பின்னால் ஓடுகின்றன. நம் கண்ணில் முன்னால் ஓடி, ஓரிடத்தில் விழித்திரையைத் துளைத்து வெளியேறுகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை கிடையாது. கடதாசியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதற்கு வலப்பக்கம் ஆறேழு சென்ரிமீற்றர் தள்ளி ஒரு புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவைக் குறியையே பார்த்தபடி கடதாசியை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய தூரத்தில் புள்ளி மறைந்துபோகும். கணவாய்க்கு இந்தக் குருட்டிடம் இல்லை. இரண்டு வம்சமும் வெவ்வேறு வழியாகக் கண்ணுக்கு வந்து சேர்ந்தன, நம் வழியில் ஒரு குறை ஒட்டிக்கொண்டது.

மாணிக்கவாசகரே "புல்லாகிப் பூடாய்" என்று கூர்ப்பைப் பாடிவிட்டாரே?

சைவப் பிள்ளைகள் பெருமையோடு கேட்பது இது. சிவபுராணத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள்:

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்"

பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேயும் கணங்களும் வருகின்றன. மரத்துக்கு முன்னே புழு. உயிரினங்கள் தோன்றிய வரிசை அல்ல அது. ஓர் ஆன்மா பிறவிதோறும் பட்ட அலைச்சல். "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று அடுத்துவரும் அந்த இளைப்புதான் பாட்டின் உயிர். அதை உயிரியல் பாடமாக்கினால் விஞ்ஞானத்துக்கும் லாபமில்லை, பாட்டின் கண்ணீரும் காய்ந்துவிடும்.

உண்மையில் சைவ சித்தாந்தத்துக்குக் கூர்ப்போடு மோத வேண்டிய தேவையே குறைவு. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. இல்லாததிலிருந்து இறைவன் உலகை உண்டாக்கினான் என்று அது சொல்வதில்லை, மாயையிலிருந்து உலகம் தோன்றுவதும் ஒடுங்குவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இன்ன வருடத்தில் படைப்பு என்ற கணக்கு அங்கே கிடையாது.

கத்தோலிக்கர் கூர்ப்பை ஏற்கலாமா?

ஏற்கலாம். மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்பு வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார். பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. தொடக்கநூலில் சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது, ஆகவே அந்த நாட்கள் நம் நாட்கள்தானா என்று புனித அகுஸ்தீன் டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருடம் முன்பே யோசித்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் ஆறு நாள் என்று பிடிக்கும் சபைகளின் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உங்கள் விசுவாசத்தை நான் தொடவில்லை, புல்மோட்டை மணலின் வயதை மட்டும் சொல்கிறேன்.

முஸ்லிம்கள்?

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்து உண்டாக்கினோம் என்று குர்ஆன் சொல்கிறது, ஆதம் (அலை) அவர்கள் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டதாகவும் சொல்கிறது. முழுவதும் மறுக்கும் மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள். ஏனைய உயிர்களுக்குக் கூர்ப்பை ஏற்று ஆதமை மட்டும் தனிப் படைப்பாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலையல்ல, அதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். ஒன்றைச் சொல்லலாம்: கனிமம், தாவரம், விலங்கு, மனிதன் என்று படிப்படியாகத் தொடரும் படைப்பு வரிசையைப் பற்றி 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் எழுதினார். இயற்கையை உற்றுப் பார்ப்பது உங்கள் மரபுக்கு அந்நியமில்லை.

கூர்ப்பு பொய் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வருகின்றனவே, அவை எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலானவற்றின் வாதங்கள் ஐக்கிய அமெரிக்காவின் பள்ளிக்கூடச் சண்டைகளில் பிறந்தவை. 1925இல் டெனசி மாநிலத்தில் கூர்ப்பைப் படிப்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டொலர் அபராதம் போட்டார்கள். 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கூர்ப்போடு சேர்த்துப் படைப்பு விஞ்ஞானத்தையும் படிப்பிக்கவேண்டும் என்ற லூசியானாச் சட்டத்தைத் தள்ளியது. அது அறிவார்ந்த வடிவமைப்பு என்ற புதுப் பெயரோடு வந்தது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் நீதிபதி ஜோன்ஸ் அதுவும் விஞ்ஞானம் அல்ல என்று தீர்ப்பளித்தார். அங்கே தோற்ற வாதங்கள் தமிழ்க் குரல் ஏற்றப்பட்டு இங்கே வருகின்றன. நம் சமயங்களின் கேள்விகள் வேறு, அந்த ஊர்ச் சண்டையை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

பேசாமல் பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன?

அயலில் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2023இல் மத்திய அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கூர்ப்பை நீக்கினார்கள், விஞ்ஞானிகள் பெருமளவில் எதிர்த்தார்கள். நம் பிள்ளைகளில் பலர் மருத்துவபீடம் போகக் கனவு காண்பவர்கள். நுண்ணுயிர்கொல்லிகள் ஏன் பலனிழக்கின்றன, கொரோனா வைரஸ் ஏன் புதிது புதிதாக மாறி வந்தது என்பதைக் கூர்ப்பு இல்லாமல் விளங்கப்படுத்த முடியாது. மருந்தைப் பாதியில் நிறுத்தாதே என்று நோயாளியிடம் காரணத்தோடு சொல்லும் வைத்தியர் வேண்டுமா, வேண்டாமா?

கூர்ப்பைப் பொய்யாக்க முடியுமா?

முடியும், அதனால்தான் அது விஞ்ஞானம். முயலின் உயிர்ச்சுவடு ஒன்று கேம்பிரியனுக்கு முந்திய, பாலூட்டிகள் தோன்றுவதற்கு மிக முற்பட்ட காலத்துப் பாறையில் கிடைத்தால் போதும் என்று ஹோல்டேன் சொன்னதாகச் சொல்வார்கள். இதுவரை கிடைக்கவில்லை. மறுபுறத்தில், மீனுக்கும் நாலுகால் பிராணிக்கும் இடைப்பட்டது எந்த வயதுப் பாறையில் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, வட துருவத்துக்கு அருகே எல்ஸ்மியர் தீவில் தேடினார்கள். 2004இல் கிடைத்தது ரிக்ராலிக். வயது சுமார் 37.5 கோடி வருடம். செதிலும் துடுப்பும் மீனுடையவை, கழுத்தும் மணிக்கட்டெலும்பும் தரைப் பிராணியுடையவை.

பரீட்சையில் என் நம்பிக்கைக்கு எதிராக எழுதவேண்டி வருமே?

கேள்வித்தாள் உங்கள் விசுவாசத்தைக் கேட்பதில்லை. கொள்கை என்ன சொல்கிறது, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறது. அதை எழுதுங்கள். புள்ளி குறைவது வேறிடத்தில்: ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டியது என்று டார்வின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். அது டார்வினுக்கு முந்திய பிரெஞ்சு இயற்கையாளர் லாமார்க்கின் கருத்து. டார்வினுக்கு எழுதும்போது, கழுத்து நீளத்தில் பிறப்பிலேயே வேறுபாடு இருந்தது என்று தொடங்குங்கள். நீண்ட கழுத்துள்ளவை கூடுதலாகப் பிழைத்துப் பெருகின என்பது அதற்கு அடுத்த வரி.